கீழ்க்குரல் இரண்டு

கோயிலைப் பெருக்கும் எப்சிபாள், தன்னையும் பாடகர் குழுவில் சேர்க்கும்படி குழுத் தலைவர் தேவசகாயத்திடம் கேட்டாள்.

"உனக்குக் குரல் மேலே எழும்பவில்லையே! கீழே பாட ஸ்டெல்லா இருக்கிறாள். பெண்களில் கீழ்க்குரல் எல்லாம் ஒன்றுதான்."

"ஐயா திரும்பி நில்லுங்க. ஸ்டெல்லா அக்காவும் நானும் ஒரே வரியைப் பாடுதோம். வித்தியாசம் தெரியலன்னா போயிடுதேன்."

அவர் சிரித்துக்கொண்டே திரும்பி நின்றார். ஸ்டெல்லா பாடினாள். அடி ஸ்வரத்தில் அவள் குரல் மெலிந்து வெறும் காற்றானது. அடுத்த குரல் அங்கே நிறைந்து ஒலித்தது.

"ஆம்பளையை யார் பாடச் சொன்னது?" என்று கத்தினார்.

குழுவே சிரித்தது.

"நான்தான் ஐயா. அக்காவுக்கு நடுக்குரல், கீழே எட்டிப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. நான் அங்கேயே குடியிருக்கேன்."

அவர் அவளை அன்றே சேர்த்துக்கொண்டார். ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. "இருபது வருஷம் முன்னால், குழுவில் சேர வந்த ரெபெக்காளை ஆண்குரல் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேனே" என்றார்.

மறுநாள் எப்சிபாளோடு ரெபெக்காள் வீட்டுக்குப் போய், பாட வரும்படி அழைத்தார்.

"பாட்டா? அன்னைக்கே விட்டுட்டேனே, ஐயா" என்றாள் ரெபெக்காள்.

எப்சிபாளின் குரலைவிடக் கனமான குரல் அது.