மூச்சு விட்ட மரக்கட்டை

ஒரு காட்டில், மேட்டு நிலம் சரிந்து சதுப்பில் போய் முடியும் இடத்தில், சடைச்சி என்றொரு கரடி இருந்தது. கையில் எடுத்த வேலையைச் சரியாகச் செய்யாமல் அது கீழே வைக்காது. செய்து முடித்ததை நாலு பேருக்குக் காட்டாமல் தூங்கவும் தூங்காது.

அந்த ஆண்டு மழை பிந்தி வந்தது. வந்த மழை நிற்கவில்லை. சதுப்பு நிரம்பி வழிந்தது. யானைகள் நடந்த காலடித் தடங்களிலெல்லாம் தண்ணீர் தேங்கி, அதில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. பொழுது சாய்ந்தால் போதும், காடு முழுக்க வால்கள் விசிறும் சத்தம்தான் கேட்கும்.

மேட்டில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. விலங்குகள் அதன் அடியில்தான் படுக்கும். கடமான் கூட்டமும் அங்கேதான். அந்தக் கூட்டத்தில் கோமளிக்கு அப்போதுதான் ஒரு கன்று பிறந்திருந்தது. அதன் காது மடலும் கண்ணிமையும் கடிபட்டு வீங்கிக் கிடந்தன. தூங்க முடியாமல் தலையை உதறிக்கொண்டே இருந்தது. பால் குடிக்கும்போதே கண் சொருகிச் சாய்ந்தது.

கடமான் கூட்டத்தின் தலைவன் கொம்பையா. அது சுற்றி வளைத்துப் பேசாது.

"மலைக்கு அந்தப் பக்கம் போயிடுவோம்."

"அந்தப் பக்கம் செந்நாய் இருக்கே, அண்ணே" என்றது கோமளி. "என் பிள்ளை கொஞ்சம் நடந்தாலே உக்காந்துடுது. நாய் துரத்தினா நான் அதை விட்டுட்டு ஓடவா?"

"இங்கே கிடந்தா மட்டும் பிழைச்சிடுமா?"

கோமளி கன்றின் காதை நக்கியது.

பக்கத்தில் கறையானைத் தோண்டிக்கொண்டிருந்த சடைச்சி தலையை நிமிர்த்தியது. "யாரும் எங்கேயும் போக வேண்டாம். நான் ஒண்ணு செஞ்சு வைக்கிறேன். அதுவரை பொறுங்க" என்றது.

சொல்லிவிட்டுக் கொசுக்கடியிலேயே போய்ப் படுத்தது. கொசு இருட்டிலும் தப்பாமல் வருகிறதே, எதை வைத்து வருகிறது? சடைச்சி மூக்கைக் கையால் பொத்திப் பார்த்தது. விரலிடுக்கில் எங்கே மூச்சு கசிந்ததோ அங்கே வந்து மொய்த்தன. முகத்தைப் பாறைப் பிளவுக்குள் திருப்பி மூச்சு விட்டது. பாதிக் கொசுக்கள் பாறைக்குப் போய்விட்டன.

"மூச்சைத் தேடித்தான் வருதுங்க. அப்ப மூச்சு விடுற மாதிரி ஒரு பொருள் வேணும்" என்றது சடைச்சி.

மருதமரத்தில் குடியிருந்த வெள்ளைச்சாமி என்ற குரங்கு கீழே எட்டிப் பார்த்தது. பெயர் வெள்ளைச்சாமி, முகம் மட்டும் அடுப்புக்கரி. யாரையாவது புகழ்ந்துகொண்டிருக்காவிட்டால் அதற்கு வாய் சும்மா இருக்காது.

"அக்கா, வெளிச்சம் வை. மின்மினியைப் பிடிச்சு ஒட்டு. எல்லாம் பறந்து வந்து விழும்."

அதையும் செய்து பார்த்தது சடைச்சி. விட்டில்தான் விழுந்தது. கொசு ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு உள்ளே பொந்தாகிப் போன ஓர் இலவமரக் கட்டையை உருட்டி வந்தது. உள்சுவர் முழுக்கப் பிசின் தடவியது. அடியில் இலுப்பைப் பூவை ஊறப் போட்டது. இலுப்பைப் பூ புளித்து நுரைக்கும்போது, படுத்திருக்கும் விலங்கு மூச்சு விடுவதுபோல மெல்ல மெல்லக் காற்றை வெளியே விடும். உடம்பு வாசனைக்குத் தன் சடையில் ஒரு பிடியைப் பிய்த்து உள்ளே செருகியது. கட்டையின் வாயில் தேக்கிலையைப் புனல்போல உருட்டிப் பொருத்தியது. உள்ளே போகும் கொசுவுக்கு வெளியே வரும் வழி தெரியாது.

காதை வைத்துக் கேட்டது. கட்டை மூச்சு விட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை நன்றாகச் செய்தாலும் அதை மருதமரத்தடியில் நடு இடத்தில் வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் சுற்றி உட்கார்வார்கள். செய்தவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. சடைச்சியின் கொசுப்பொறியையும் அங்கேதான் வைத்தார்கள். வெள்ளைச்சாமி ஒரு காட்டு மல்லிகைக் கொடியை அதற்குச் சுற்றிவிட்டது.

விடிந்ததும் காட்டுப்பன்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

"மதினி, கறுப்பா அப்பிக் கிடக்கு. பிசினே தெரியலை."

"தள்ளி நின்னு பாருங்க கொழுந்தனாரே. மூக்கு ஒட்டிக்கும்" என்றது சடைச்சி. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தது. முடியவில்லை.

வெள்ளைச்சாமி மரத்துக்கு மரம் தாவிச் செய்தி சொன்னது. பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். சடைச்சி பழைய பிசினைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவியது. மறுநாளும் கட்டை நிரம்பியது. அதற்கு மறுநாள் இன்னும் அதிகமாக நிரம்பியது.

கடி மட்டும் குறையவில்லை. அதை யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. கண்ணெதிரே அவ்வளவு கொசு செத்துக் கிடக்கும்போது எப்படிச் சொல்வது?

"பொறி இல்லேன்னா இன்னும் எவ்வளவு கடிச்சிருக்குமோ" என்றது பன்றி, மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டே.

ஒரு சாயங்காலம் கோமளி தன் கன்றை மெதுவாகத் தள்ளிக்கொண்டு மேட்டின் மறுபுறம் போய்ப் படுத்தது. சடைச்சி அதைப் பார்த்துவிட்டது. விறுவிறுவென்று பின்னாலேயே போனது.

"ஏன் கோமளி, அத்தனை பேரும் பொறியைச் சுத்திப் படுத்திருக்காங்க. உன் பிள்ளைக்காகச் செஞ்சது. நீ இவ்வளவு தூரம் வந்து படுத்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"தப்பா எடுத்துக்காதே அக்கா. அது பக்கத்துல படுத்தா இவனுக்குக் கடி அதிகமா இருக்கு. இங்கே கொஞ்சம் கண் மூடுறான்."

"அது எப்படி? கட்டை நிறையச் செத்துக் கிடக்கே."

"செத்தது செத்துச்சு. சாகாதது இவன் மேல உக்காருது. எனக்கு அதுதான் தெரியும்."

சடைச்சிக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்து பொறியை ஒட்டிப் படுத்தது. கோமளி சொன்னது பொய் என்று தெரிந்துகொள்ளத்தான் படுத்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கு, உதடு, உள்ளங்கால் எல்லாம் எரிந்தன. தன்மேலேயே கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் எழுந்து போய்விடாமல் அப்படியே படுத்துக் கவனித்தது.

காற்று மருதமரத்திலிருந்து சதுப்பை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. சடைச்சி ஓர் இலவம்பஞ்சைப் பறக்க விட்டது. பஞ்சு தாழ்வாக மிதந்து சதுப்போரத் தாழம்புதருக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அந்தப் புதரிலிருந்து கொசுக்கள் கிளம்பின. பஞ்சு போன தடத்திலேயே, காற்றுக்கு எதிராக, முழங்கால் உயரத்தில் ஏறி வந்தன. வந்தவை கட்டையைத் தேடின. கட்டைக்கு வரும் வழியெல்லாம் மான்களும் பன்றிகளும் படுத்திருந்தன.

சடைச்சி எழுந்து உட்கார்ந்தது.

"வெள்ளைச்சாமி" என்று கூப்பிட்டது. "நாம பொறி வைக்கலைடா. பந்தி வச்சிருக்கோம். சதுப்புல சும்மா கிடந்ததுங்களை வா வான்னு கூப்பிட்டு, நாமே இலை மாதிரி விரிஞ்சு படுத்திருக்கோம்."

"சத்தமாச் சொல்லாதே அக்கா. நான் காடு பூராச் சொல்லி வச்சிருக்கேன்."

விடிந்ததும் சடைச்சி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னது. "தப்பு கட்டையில இல்லை. வச்ச இடத்துலதான். அதைச் சதுப்போரம் தாழம்புதர் நிழலுக்குக் கொண்டுபோறேன். கிளம்புற இடத்திலேயே அதுங்களுக்குக் கட்டை எதிர்ப்படணும். நாம யாரும் கிட்டே போகக் கூடாது."

"அங்கே வச்சா யார் பார்ப்பாங்க?" என்றது வெள்ளைச்சாமி. "நடுவுல வச்சதை எடுத்தா மரியாதை போச்சுன்னு அர்த்தம் அக்கா."

சடைச்சி மல்லிகைக் கொடியைக் கழற்றியது. அந்த ஒரு கணம் அதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கொம்பையா நடுவில் வந்து நின்றது. "ஒருவாட்டி பொறுத்தாச்சு. இன்னும் எத்தனை நாள்?"

"அது எனக்குத் தெரியாது. மேட்டுக்கு வந்துட்ட கொசு இங்கேதான் இருக்கும். அது தீரணும். புதுசு வராம இருக்கணும்."

"பௌர்ணமி வரைக்கும் இருப்பேன். அது கழிஞ்சு விடியும்போது நான் குரல் கொடுத்தா கூட்டம் நடக்கும். நடக்க முடியாதவங்களுக்காக நிக்காது."

கோமளி சடைச்சியைப் பார்த்தது. சடைச்சி கட்டையை உருட்டத் தொடங்கியது.

சதுப்போரம் அதற்கு வேலை இரட்டிப்பானது. காலையும் மாலையும் இறங்கிப் போய்ப் பழைய பூவைக் கொட்டிப் புதுப் பூ போட்டது. பிசின் மாற்றியது. ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகக் கடி வாங்கிக்கொண்டு மேலே வந்தது. பன்றியையும் விடவில்லை.

"கொழுந்தனாரே, எப்படியும் சேத்துல புரளத்தான் போறீங்க. அதை யானைத் தடத்துல புரண்டு, தேங்கின தண்ணியைத் தூர்த்துடுங்க. புழு பிறக்குறதே அங்கேதான்."

"குளிச்ச மாதிரியும் ஆச்சு, ஊருக்கு உழைச்ச மாதிரியும் ஆச்சு" என்று பன்றி கிளம்பியது. மாலையில் வந்து கேட்டது: "செத்ததுல கொஞ்சம் அள்ளிட்டு வந்து மரத்தடியில கொட்டேன் மதினி. சனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்."

சடைச்சிக்கும் அந்த ஆசை இருந்தது. கட்டைக்குள் பார்த்தது. முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு அப்பிக் கிடந்தன. இவ்வளவையும் பார்க்க ஓர் ஆள் இல்லையே என்று நினைத்தது. பிறகு எல்லாவற்றையும் சேற்றில் புதைத்து மிதித்துவிட்டுப் பிசின் தடவியது.

முதலில் எந்த மாற்றமும் தெரியவில்லை. வெள்ளைச்சாமி சடைச்சியைப் புகழ்வதை நிறுத்திவிட்டு மயிலைப் புகழ ஆரம்பித்தது. பிறகு ஒரு மாலையில் வால் விசிறும் சத்தம் கொஞ்சம் குறைந்ததுபோலத் தோன்றியது. தோன்றியதா, உண்மையா என்று சடைச்சி யாரையும் கேட்கவில்லை.

பௌர்ணமி கழிந்து விடியும் நேரம். சடைச்சி சதுப்போரம் பூ மாற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மருதமரம் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். கையில் பிசினோடு அசையாமல் நின்று காதைத் தீட்டிக்கொண்டது.

கிழக்கு வெளுத்தது. குரல் வரவில்லை. காட்டுக்கோழி கூவியது. வெயில் தாழம்புதரின் நுனியில் விழுந்தது. அப்போதும் வரவில்லை. ஒருவேளை சத்தமில்லாமல் கிளம்பிப் போய்விட்டார்களோ?

மேட்டிலிருந்து சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. கோமளியின் கன்று துள்ளிக்கொண்டு இறங்கி வந்தது. பின்னால் மூச்சிரைக்கக் கோமளி.

"இங்கே எதுக்குக் கூட்டிட்டு வந்தே?" என்று சடைச்சி அதட்டியது. "இங்கேதான் கடிக்கும். மேலே போ."

"நான் எங்கே கூட்டிட்டு வந்தேன்? இது ஓடுது, நான் பின்னாடி வரேன்."

"கொம்பையா குரல் கொடுக்கலையே?"

கோமளி திரும்பி மேட்டைப் பார்த்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது.

"எங்கே கொடுக்கும்? அண்ணன் இன்னும் எழுந்திரிக்கவே இல்லை அக்கா. எல்லாரும் தூங்குறாங்க. ஒரு வால் ஆடலை."

கன்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி மேட்டை நோக்கி ஓடியது. கோமளியும் அதன் பின்னால் ஓடியது.

சதுப்போரம் சடைச்சி மட்டும் நின்றது. பாராட்ட அங்கே யாருமில்லை. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வது எல்லாருக்கும் வராது. கரடிக்குக் கை நீளம். சடைச்சி நன்றாக இரண்டு தட்டு தட்டிக்கொண்டது. பிறகு குனிந்து தேக்கிலையை நேராக்கியது.

நீதி: செய்த பொருள் நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருப்பது பெருமையல்ல, அது உதவும் இடத்தில் இருப்பதே பெருமை.