படகடியில் ஒரு சாண்

கதைக்குள் நுழையுமுன் கேட்போர் அறிய வேண்டியவை சில உள. முன்பு தண்கழனி நாட்டைக் கதிரேந்திரன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன், ஆனால் எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாதவன். அவனது தலைநகரின் நடுவே ஒரு கால்வாய் ஓடியது. நகரம் குடித்ததும் குளித்ததும் அந்நீரே. அதில் ஓடிய முந்நூறு படகுகளின் அடிப்பலகைகளில் மட்டிகளும் நத்தைகளும் பாசியும் அப்பிக் கிடக்கும். ஆண்டுக்கொரு முறை படகைக் கரையேற்றி அவற்றைச் சுரண்டும்போது, பின்புறத்தில் ஒரு சாண் அகலத்தை மட்டும் தொடாமல் விடுவது படகோட்டிகளின் வழக்கம். ஏன் என்று கேட்டால், அது நீருக்குரிய பங்கு என்பார்கள். அதற்குமேல் அவர்களுக்கும் தெரியாது.

அமைச்சர் தில்லைவிடங்கர் இவ்வழக்கத்தை அறிந்தவர். அறிந்திருந்தும் ஒரு நாள் அவர் நாவை அடக்கவில்லை. தெப்பத் திருநாளன்று அரசனின் படகு ஊர்ந்து சென்றது. ஏன் இத்தனை மெதுவாகப் போகிறது என்று அரசன் எரிச்சலுடன் வினவினான்.

"மேலே ஏறியிருக்கும் அவையோரைவிடக் கீழே ஒட்டியிருப்போர் அதிகம், அரசே. இரு சாராருமே துடுப்பைத் தொடுவதில்லை" என்றார் அமைச்சர்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், எல்லாப் படகுகளையும் மிச்சமின்றிச் சுரண்டுமாறு ஆணையிட்டான்.

அமைச்சரின் புகழைப் பொறாத படகுக் கண்காணி வசந்தராயர் அந்த ஆணையை இறுகப் பற்றிக்கொண்டார். மாதந்தோறும் சுரண்டச் செய்தார். ஒரு சாண் இடமும் விடவில்லை. சுரண்டிய மட்டிகளின் ஓடுகளைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பால் அரண்மனைப் படித்துறை வெளுத்துப் பளபளத்தது. அமைச்சர் ஒரு சொல் சொல்லித் தடுத்திருக்கலாம். வேடிக்கைக்குச் சொன்னது ஆணையாகிவிட்டதே என்று ஒப்புக்கொள்ள வெட்கி, இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்துவிட்டார்.

ஐந்தாம் மாதம் கால்வாய் பச்சையாகக் குழம்பி நாறியது. குழந்தைகளுக்கு வயிற்றுக்கடுப்புக் கண்டது. அரசன் காரணம் கேட்டான். வசந்தராயர் ஊரெல்லாம் தேடி, செம்பாயி என்னும் ஓடக்காரியை அவைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் ஒருத்தி மட்டும் அந்த ஒரு சாண் இடத்தைச் சுரண்டாமல் மறைத்து வைத்திருந்தாள்.

"இவள் படகின் அழுக்கே கால்வாயைக் கெடுத்தது. படகைக் கொளுத்த உத்தரவு வேண்டும்" என்றார் ராயர்.

செம்பாயி அழவில்லை. "சாமி, எங்களுக்கு வீடும் அதுதான், சோறும் அதுதான். எல்லாப் படகையும் சொரண்டின பிறகுதானே தண்ணி கெட்டுது?"

அச்சொல் அமைச்சருக்கு முள்ளாய்த் தைத்தது. நேரே எதிர்த்துப் பேசினால் அரசன் தன் ஆணையைக் காக்கவே முனைவான் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே, தீர்ப்பை மாலைவரை தள்ளிவைக்குமாறு பணிவுடன் வேண்டினார். இரண்டு கண்ணாடிக் குடங்களில் கால்வாய் நீரை நிரப்பச் செய்து, செம்பாயியின் படகிலிருந்து பெயர்த்த மட்டிகளை ஒன்றில் மட்டும் இட்டார்.

"ராயரே, மாலையில் எந்தக் குடத்து நீர் குடிக்கத் தகும்?"

"இதிலென்ன ஐயம்? மட்டி இல்லாத குடத்து நீர்."

"அதில் ஒரு செம்பு நீவிர் அருந்துவீரோ?"

"தாராளமாக. அமைச்சர் தம் மட்டி நண்பர்கள் குளித்த நீரை அருந்தட்டும்" என்றார் ராயர். அவை சிரித்தது.

மாலையில் அரசன் மட்டிக் குடத்தின் பின்னே கையை வைத்தான். மோதிரத்தின் கல் தெளிவாகத் தெரிந்தது. மற்றக் குடத்தின் பின்னே வைத்த கையே தெரியவில்லை. ராயருக்குச் செம்பு நிரப்பித் தரப்பட்டது. முதல் மிடற்றிலேயே அவருக்குக் குமட்டியது. அரசன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, போதும் என்று கையமர்த்தினான். அமைச்சர் மட்டும் சிரிக்காததைப் பிறகே கண்டான்.

"வெற்றி உம்முடையது. முகம் ஏன் வாடியிருக்கிறது?"

"சுரண்டியவர் ராயர், ஆணை தங்களது, அதற்கு வித்து என் வேடிக்கைப் பேச்சு. படகோட்டிகள் ஒரு சாண் விட்டுச் சுரண்டும் வழக்கத்தை நான் முன்பே அறிவேன். ஐந்து மாதம் வாய்மூடி இருந்துவிட்டேன், அரசே."

அரசனின் சிரிப்பு நின்றது. தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான். அவர் அதைச் செம்பாயியிடம் கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

"மாலை இருக்கட்டும் சாமி. சொரண்டிப் போட்டதெல்லாம் திரும்ப வருமா?"



பின்னர் முடிவானவை இவை. செம்பாயியின் படகு கொளுத்தப்படவில்லை. மாதச் சுரண்டல் அன்றே நிறுத்தப்பட்டது. ஒரு சாண் இடம் விடுவது சட்டமாயிற்று. வசந்தராயர் பதவி இழந்து, தொலைவிலிருந்த ஆற்றிலிருந்து நகருக்குக் குடிநீர் ஏற்றிவந்த வண்டிகளோடு நடந்தார். செம்பாயியின் மட்டிகளைப் பிற படகுகளிலும் ஒட்டவிட்டுப் பார்த்தார்கள். முதல் ஆண்டில் ஏழு படகுகளில் மட்டுமே பிடித்தன. கால்வாயின் அடித்தரை மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது பதினோராம் ஆண்டில். தில்லைவிடங்கர் ஒன்பதாம் ஆண்டிலேயே காலமாகியிருந்தார்.