இரண்டாம் நாயனம் சட்டநாதர்

புன்னைவனநாதர் எழுந்தருளியிருக்கும் கீழைப்புன்னையூரில் சட்டநாதர் என்றோர் அடியார் வாழ்ந்தார். கோயிலில் இரண்டாம் நாயனம் வாசிப்பது அவர் தொண்டு. முதல் நாயனக்காரரான அவர் அண்ணன் தாண்டவமூர்த்தி ராகத்தை வளர்ப்பார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில், விட்டதைப் பிடித்து, நாதம் அறாமல் சட்டநாதர் தாங்கிக்கொள்வார். அண்ணன் அடுத்து எங்கே போவார் என்பது சில நேரம் அண்ணனுக்கே தெரியாது. எங்கே போனாலும் சட்டநாதர் கூடவே செல்வார். விடியலில் நாயனத்தின் ஊதுவாயான சீவாளியை நாவில் நனைக்கும்போது, "அப்பனே, அறாம பாத்துக்க" என்று மட்டும் வேண்டுவார்.

ஊரார் அவருக்கு வால் என்று பேர் வைத்திருந்தார்கள். "வாலு, ஒருநாள் தனியா ஆடிக் காட்டேன்" என்று கடைத்தெருவில் சீண்டுவார்கள். "தலை போற பக்கம்தானேங்க வால் போவும்" என்று சிரித்துவிட்டு நடப்பார்.

அவ்வூர்ப் பங்குனி விழாவில் ஒரு முறை உண்டு. காலைப் புறப்பாட்டில் சுவாமி தெற்குவீதி முனையில் நிற்பார். நாயகி ராகம் வாசித்த பிறகே பல்லக்கு நகரும். நாயகியும் தர்பாரும் அக்காள் தங்கை போன்ற ராகங்கள். கொஞ்சம் கண்ணயர்ந்தால் அக்காள் வீட்டுக்குப் புறப்பட்டவர் தங்கை வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். அவ்வாண்டு விழாவின் முதல் நாளில் தாண்டவமூர்த்திக்கு அதுதான் நேர்ந்தது. நாயகியில் புறப்பட்டவர், தம்மையறியாமல் தர்பாருக்குள் நுழைந்துவிட்டார்.

சட்டநாதருக்கு அது உடனே பிடிபட்டது. நாயகியைப் பிடித்து நின்றால் சுவாமிக்குரியது நிற்கும். ஆனால் இரண்டு நாயனமும் முட்டிக்கொள்ளும், அண்ணன் மானம் நடுத்தெருவில் போகும். யோசிப்பதற்குள் அவர் விரல்கள் அண்ணனோடு போயிருந்தன. சரி, கூடவே போய் மெல்லத் திருப்பிக் கூட்டி வந்துவிடலாம் என்று எண்ணினார். அதற்குள் தர்மகர்த்தா கையை உயர்த்தி வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"சாமி ராகத்தைக் கெடுத்தது யாருய்யா?"

தாண்டவமூர்த்தி தலை நிமிரவில்லை. சட்டநாதர்தான், "என் விரலும் அங்கதாங்க போச்சு" என்றார்.

"அப்ப நாயனத்தை வச்சிட்டு வெளியே போ!"

நாயனம் வாத்திய அறையில் பூட்டப்பட்டது. அத்தோடு அவர் தொண்டும் போயிற்று.

"நீங்க சேவகம் பண்ணது சாமிக்கா, அண்ணனுக்கா?" என்று மனைவி அஞ்சலையம்மாள் கேட்டார். "அதாம்மா எனக்கும் வெளங்கல" என்றார் சட்டநாதர். தினமும் கோபுர வாசலில் நின்று, "தப்புன்னா தப்புன்னு சொல்லிடேன், இப்படிச் சும்மா இருக்கியே" என்று முறையிட்டார்.

விழாவின் கடைசி நாளான தீர்த்தவாரியன்று கூட்டத்தின் கடைசியில் நின்றார். தெற்குவீதி முனையில் தாண்டவமூர்த்தி தனியாக நாயகியைத் தொடங்கினார். பாதியில் மூச்சு அறுந்தது. ஆனால் நாதம் அறவில்லை. இன்னொரு நாயனம் அதைப் பிடித்துக்கொண்டது! தவில்காரர் பக்கத்தில் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. வெலவெலத்துப்போன தாண்டவமூர்த்தியின் விரல் மறுபடியும் தர்பாரில் வழுக்கியது.

சட்டநாதர் கண்ணை மூடிக்கொண்டார். வாசிப்பது யாராக இருந்தாலும், நாயகியிலேயே நின்று, சரியானது எது என்று காட்டிவிடுவார் என்று நினைத்தார். அந்த நாயனமோ தாண்டவமூர்த்தியோடு தர்பாருக்குள் போயிற்று. கொஞ்ச தூரம் அவர் கூடவே நடந்தது. பிறகு ஒரு சுரத்தில் நின்று, காத்திருந்து, நாயகியின் பக்கம் மெல்லச் சாய்ந்தது. தாண்டவமூர்த்தியும் அதைப் பற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பல்லக்கு நகர்ந்தது.

எல்லோரும் சட்டநாதரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைகள் வெறுமையாய்க் குவிந்திருந்தன. தாண்டவமூர்த்தி தெருவிலேயே விழுந்து அழுதார். "அன்னிக்கு வழி தப்பினவன் நான்தாங்க. இவன் என்னைத் தனியா விடாம கூட வந்தான்."

தர்மகர்த்தா ஓடிப்போய் வாத்திய அறையைத் திறந்தார். நாயனம் வைத்த இடத்திலேயே இருந்தது. காய்ந்து கிடக்க வேண்டிய சீவாளி மட்டும் ஈரமாக இருந்தது. அவர் கைகள் தலைக்கு மேல் குவிந்தன.

பின்னாலேயே வந்த சட்டநாதர்தான் பதறிப்போனார். "ஐயோ, அப்பனே, அது என் எச்சி சீவாளியாச்சே! அதையா வாயில வச்சே?" என்று தேம்பித் தேம்பி அழுதார்.

அன்று முதல் மீண்டும் தாண்டவமூர்த்திக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்தார். யாருக்குச் சேவகம் என்று அஞ்சலையம்மாள் பிறகொரு நாள் கேட்டபோதும், "இன்னும் வெளங்கலம்மா" என்று சொல்லிக்கொண்டே கோயிலுக்குப் புறப்பட்டார். வழி தவறியவரோடும் உடன் சென்ற அவருக்காக, எம்பெருமானே ஒருநாள் இரண்டாம் நாயனம் வாசித்தருளினான். அந்தச் சட்டநாதர் திருவடி நமக்கும் துணையாகுக.