எடுத்த இலை

சோறு போடுகிற மடங்கள் நாட்டில் எத்தனையோ உண்டு. உலகம்மையின் ஆற்றங்கரை மடத்தில் மட்டும் ஒரு கண்டிப்பு இருந்தது. பந்தியில் போட்ட இலையை யாரும் எடுக்கக் கூடாது. வருகிறவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்கவும் கூடாது. ஆள் வராத இலை கிடந்தால் கிடக்கட்டும், கடைசியில் மாடு தின்றுவிட்டுப் போகும்.

அந்த மடத்துக்கு ஒரு நாள் முற்பகலில் டாக்டர் சிவசைலம் வந்தார். வந்தவர் உட்காரவே இல்லை. வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். சமஸ்தானத்து ஆஸ்பத்திரிக்கே பெரிய டாக்டர், தலையெல்லாம் நரை. உலகம்மை வயதில் அவரைவிட இளையவர். இருந்தால் என்ன, குரு குருதானே! மனசு சரியில்லை என்றால் டாக்டர் ஓடி வருவது இங்கேதான்.

உலகம்மை வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உட்காருங்க டாக்டர்."

"உட்கார முடியலேம்மா. நாளைக்குக் காலையிலே ஒரு ஆபரேஷன்."

"யாருக்கு?"

டாக்டர் கிணற்றடியைப் பார்த்தார். அங்கே பேச்சி அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். பெயர்தான் பேச்சி. பிறவியிலேயே காது கேட்காது, வாயும் பேசாது. மடத்தில் விறகு பிளக்கிற மாசானத்துக்கும் அவளுக்கும் அடுத்த மாதம் கல்யாணம்.

"அவளுக்கா? என்ன நோய்?"

"நோய் ஒண்ணுமில்லே. பிள்ளை பிறக்காம பண்ணணும். ராஜா உத்தரவு. செவிடு, குருடு, வலிப்புக்காரங்களுக்கு இனிமே சந்ததியே கூடாதாம்."

அரிவாள்மணை நின்றது. "இது அவளுக்குத் தெரியுமா?"

"வயித்திலே கட்டி இருக்குன்னு சொல்லியிருக்கு."

"யாரு சொன்னது?"

"நான்தான். கையாலே காட்டினேன்."

"அடேயப்பா! கையாலேகூடப் பொய் சொல்ல முடியுமா? இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே."

டாக்டருக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. கோபம் வந்தால் அவருக்குப் படித்த படிப்பெல்லாம் வாய்க்கு வந்துவிடும்.

"இது நானா கண்டுபிடிச்சதில்லேம்மா. கடல் தாண்டி எத்தனையோ தேசத்திலே சட்டமே போட்டாச்சு. பெரிய பெரிய பேராசிரியர்களெல்லாம் எழுதறாங்க. நல்ல காளையாப் பார்த்துத்தானே பசுவுக்குச் சேர்க்கிறோம்? மாட்டுக்குச் செய்யறதை மனுஷனுக்குச் செஞ்சா என்ன தப்பு?"

"மாட்டுக்கு உடையவன் இருக்கான். ஏர் இழுக்கணும், பால் கறக்கணும், முட்டக் கூடாதுன்னு தன் தேவைக்குப் பொறுக்கறான். மனுஷனுக்கு உடையவன் யாரு டாக்டர்?"

ராஜா என்று சொல்ல வாயெடுத்தார் டாக்டர். சொல்லவில்லை.

"சரி, போகட்டும். அந்தத் தேசங்கள்ல முதல்ல யாரை வேண்டாம்னாங்க?"

"புத்தி மந்தமானவங்களை."

"அப்புறம்?"

"வலிப்பு உள்ளவங்க. செவிடு, குருடு."

"அப்புறம்?"

"குடிகாரங்க. ஜெயிலுக்குப் போனவங்க." டாக்டரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "கதியத்த ஏழைங்க. கல்யாணம் ஆகாமப் பிள்ளை பெத்த பொண்ணுங்க. இப்போ ஒரு தேசத்திலே ஒரு இனமே வேண்டாம்னு கிளம்பியிருக்காங்க."

"எங்கே நிறுத்துவாங்களாம்?"

"தெரியலேம்மா."

உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, பந்தி வைக்கிற நேரமாச்சு."

கூடத்தில் வரிசையாக இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாயிற்று. கதவு இன்னும் திறக்கவில்லை. வெளியே பசித்த கூட்டம் சலசலத்துக்கொண்டிருந்தது.

"அரிசி ஒரு பந்திக்குத்தான் இருக்கு," என்றார் உலகம்மை. "ஊருக்கு உதவாத ஆளுக்கு எதுக்குச் சோறு? அப்படி ஒரு ஆளோட இலையைப் பார்த்து எடுத்துடுங்க."

டாக்டர் திகைத்துப் போனார். "போட்ட இலையையா? இந்த மடத்திலேயா?"

"ஆமா. எடுங்க."

"யாரு எந்த இலையிலே வந்து உட்காருவாங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பிறக்காத பிள்ளையே உங்களுக்குத் தெரியுது. கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறவன் தெரியாதா?"

வீம்புதான், வேறென்ன! டாக்டர் விறுவிறுவென்று நடந்தார். கடைசியில் கிடந்த ஓர் இலைக்கு நுனி கிழிந்திருந்தது. அதை உருவி மாட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

கதவைத் திறந்தார்கள். வண்டிக்காரர்கள், சந்தைக்குப் போகிற பெண்கள், காவிவேட்டிப் பரதேசிகள் எல்லாரும் திமுதிமுவென்று வந்து அகப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். மடத்து ஆட்களுக்கும் அதே பந்திதான். பேச்சியும் மாசானமும் கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். சோறு விழுந்தது.

ஒரே ஓர் ஆள் மட்டும் நின்றுகொண்டிருந்தான். காலெல்லாம் புழுதி. பார்த்தால் நல்லவன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவன் என்றும் சொல்ல முடியாது. நம்மைப் போல ஓர் ஆள். வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தான்.

"பரவாயில்லைங்க. அடுத்த பந்தியிலே உட்கார்றேன்."

"அடுத்த பந்தி இல்லையேப்பா," என்றார் உலகம்மை.

"அப்படிங்களா. சரிங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

டாக்டர் இரண்டடி முன்னே வந்தார். "அம்மா, அவனை நிக்கச் சொல்லுங்க! யாரு அவன்?"

"நீங்க வேண்டாம்னு சொன்ன ஆளு."

அதற்குள் தரையில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. பேச்சிதான் உள்ளங்கையால் தரையைத் தட்டினாள். அவள் இன்னும் சோற்றில் கை வைக்கவில்லை. தன் இலையை நடுத்தண்டோடு கிழித்தாள். பாதிச் சோற்றோடு ஒரு துண்டைப் பக்கத்தில் தள்ளினாள். மாசானத்தை முழங்கையால் இடித்து நகரச் சொன்னாள். நின்றவனைப் பார்த்து, வா என்று தலையை ஆட்டினாள். அவன் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

டாக்டர் உலகம்மை பக்கம் திரும்பினார்.

"நான் மாட்டேன்னா ராஜா வேற டாக்டரை அனுப்புவார். என் உத்தியோகமும் போகும், அவளும் தப்ப மாட்டா. ஆத்துக்கு அக்கரை வேற ராஜ்யம். அங்கே போயிட்டா இந்த உத்தரவு செல்லாது. மாசானமும் கூடப் போவான். ஆனா அவ ஏன் போகப் போறா? அவளுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தவராக நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, நீங்களே அவகிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன். உங்க சைகை அவளுக்கு நல்லாப் புரியும்."

"புரியும்," என்றார் உலகம்மை. "ஆனா கட்டின்னு காட்டினது என் கை இல்லையே."

டாக்டர் பந்தி முடிகிறவரைக்கும் நின்றார். பிறகு போய்ப் பேச்சிக்கு நேர் எதிரே, எச்சில் தரையென்றும் பாராமல் உட்கார்ந்தார்.