ஆல்பன் மாஸ்டரின் கடைசி ரெக்கார்டு

"மாஸ்டர், உங்களுக்குப் பதிலா நான் வாசிச்சிரட்டுமா?" என்று கேட்டார் செலஸ்டின் டீச்சர்.

ஆல்பன் கொரேரா கிளாரினெட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடியில் மாதா கோயில் பேண்டில் ஊதத் தொடங்கியவர் ஆல்பன். பம்பாய் ஓட்டல்களில் ஜாஸ் குழுக்களோடு வாசித்தார். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல்களில் வாசித்தார்.

இசைத்தட்டுகள் கொஞ்சம்தான். கேட்டவர்கள் மறக்கவில்லை. கல்கத்தாவில் பதிவான முதல் தட்டில், தகரக்கூரையில் மழை விழும் சத்தம் கேட்கும். ஆல்பன் அந்த மழையையும் சேர்த்துக்கொண்டு வாசித்திருப்பார். பிந்தைய தட்டுகளில் மேல் ஸ்தாயிக்கு ஏறுவார். இதற்குமேல் வழியில்லை என்று நாம் நினைக்கும் இடத்தில் கிளாரினெட் இன்னொரு படி ஏறி நின்று சிரிக்கும்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் செலஸ்டின் கிளாரினெட்டைக் கையில் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். மாஸ்டருக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தட்டுகள் தேயும்வரை கேட்டு, அவற்றில் உள்ளபடியே விரலில் கொண்டுவந்த பிறகு, அவரிடமே கற்றுக்கொள்ளப் போய்ச் சேர்ந்தார்.

போன மழைக்காலத்தில் மாஸ்டருக்கு முகவாதம் வந்தது. வாய் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. பேச்சு திரும்பியது. உதட்டின் பிடி திரும்பவில்லை. ஊதினால் ஓரத்தில் காற்று ஒழுகியது. மேல் ஸ்தாயி அடியோடு போயிற்று.

ஆனால் தானும் டீச்சருமாக இரண்டு கிளாரினெட் மட்டும் சேர்ந்து வாசிக்கும் ஒரு ரெக்கார்டுக்கு மாஸ்டர் முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகத்தான் இருவரும் சென்னைக்கு வந்து ஸ்டூடியோவில் நின்றார்கள்.

டீச்சர் மனதில் இருந்ததையெல்லாம் சொன்னார். மாஸ்டரின் பங்கையும் தானே வாசித்துவிடுவதாகவும், தட்டில் அவர் பெயரே இருக்கட்டும் என்றும் சொன்னார். தான் வாசித்தது யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். இத்தனை வருஷம் வாசித்த வாசிப்பு ஒழுகும் காற்றோடு முடிவதைத் தன்னால் பார்க்க முடியாது என்றார்.

"சரி, வாசிங்க," என்றார் மாஸ்டர்.

டீச்சர் வாசித்தார்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர் நம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே ஏற்றம். அதே சிரிப்பு. அவர் பதிவைத் திரும்பப் போட்டுக் காட்ட, மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லா வாசிக்கான். யாரு இது?"

"நீங்கதான் மாஸ்டர்," என்றார் டீச்சர்.

"நானா? நான் இங்கல்லா உக்காந்திருக்கேன்."

"அப்ப, நான்னு வச்சுக்கோங்க."

மாஸ்டர் டீச்சரைப் பார்த்து, இல்லை என்பதுபோலத் தலையசைத்தார். எழுந்து தன் கிளாரினெட்டை எடுத்து, டேப்பை ஓடவிடச் சொன்னார்.

கீழ் ஸ்தாயியில் தொடங்கினார். அந்த உதடு தாங்கக்கூடிய நாலைந்து சுரங்கள்தான். காற்று ஒழுகியது. அவர் அதை மறைக்கப் பார்க்கவே இல்லை. ஒழுகும் மூச்சை ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உட்காரவைத்து, அதையும் தாளத்துக்குள் கொண்டுவந்தார். எல்லாத் தட்டுகளையும் மனப்பாடமாக வைத்திருந்த டீச்சருக்கு இந்த வாசிப்பு புதிதாக இருந்தது.

சட்டென்று நிறுத்திவிட்டு மாஸ்டர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

பதில் வாசிக்க வேண்டிய இடம். டீச்சரின் விரல்கள் பழைய தட்டுகளில் தேடின. ஒவ்வொன்றாக வந்தது. எதுவும் ஒட்டவில்லை.

டேப் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு சுரம் வந்தது. தயங்கி இன்னொன்று. எங்கே போகிறோம் என்று தெரியாமலே போனார். பயமாக இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை. கொஞ்சதூரம் போனதும் மாஸ்டர் கீழ் ஸ்தாயியில் மெல்ல வந்து சேர்ந்துகொண்டார்.

முடிந்ததும் நம்பியின் குரல் ஒலிபெருக்கியில் தயங்கித் தயங்கி வந்தது. மாஸ்டரின் மூச்சுச் சத்தம் கேட்கிறது, நடுவில் டீச்சர் வெகுநேரம் சும்மா நின்றுவிட்டார், இன்னொரு தடவை எடுக்கலாமா என்றார்.

"வேண்டாம் தம்பி," என்றார் ஆல்பன். "டீச்சர் இப்பந்தான் வந்திருக்காவ."