சிவப்புப் பாறையில் இட்ட முட்டை

பூமியின் தென்கோடியில், எங்கே பார்த்தாலும் பனியாகக் கிடக்கிற இடத்தில், ஒரு கருப்பு மலைத்தொடர் இருந்தது. மலையின் உடம்பெல்லாம் பனிக்குள் புதைந்திருக்கும். உச்சிகள் மட்டும், கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவர்கள் மாதிரி, வெளியே தெரியும். அந்த உச்சிகளின் வெடிப்புகளில் வெள்ளைக் கடற்பறவைகள் கோடைக்குக் கோடை வந்து முட்டையிடும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான். இஷ்டத்துக்கு இட்டுத்தள்ள அதென்ன பண்ணைக் கோழியா?

வெள்ளாயி என்கிற பறவை பல வருஷம் கடலிலேயே திரிந்துவிட்டு, முத்தனைக் கட்டிக்கொண்டு, முதல் முட்டையிட அங்கே வந்தாள்.

"நான் பிறந்தது ஒரு சிவப்புப் பாறையிலேங்க! மலை அடிவாரத்திலேயே, பனி தொடங்குற இடத்திலே இருக்கும். அதில் ஒரு குடைவு. காத்து அடிச்சா உள்ளே விசில் சத்தம் கேட்கும். அம்மா மீன் கொண்டுவந்து ஊட்டும். என் முட்டையும் அங்கேதான்!" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வந்து பார்த்தால் அடிவாரத்தில் பாறையைக் காணோம்! வெகு தூரம் தள்ளி, பனிவெளியின் நடுவே, தன்னந்தனியாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"ஐயையோ! மலை நகர்ந்து போயிடுச்சு!" என்று கத்தினாள் வெள்ளாயி.

முத்தன் சிரித்துவிட்டான். "மலையாவது நகர்றதாவது! மலைக்குக் கால் கீழே தரையிலே ஊன்றியிருக்கு. நகர்றது பனி. பனியும் ஆறுதான், மெதுவா ஓடுற ஆறு. உன் பாறை அதுமேலே உட்கார்ந்து பயணம் போகுது."

"கல்லு பயணம் போகுமா? நல்லா அளக்கிறீங்க!"

"சொன்னாக் கேளு வெள்ளாயி. மலையிலே நல்ல வெடிப்பு ஒன்று காலியா இருக்கு. சுத்தி நம்ம சனம்."

வெள்ளாயிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என் அம்மா வீட்டை இளக்காரமாப் பேசாதீங்க!"

இதையெல்லாம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது சடையன். சடையன் ஒரு ஸ்குவா, முட்டை திருடித் தின்னும் பழுப்புப் பறவை. மலைப்பக்கம் போனால் வெள்ளைப் பறவைகள் ஒன்றுகூடி, வயிற்றிலிருந்து நாற்றம் பிடித்த எண்ணெயைக் கக்கித் துப்பும். இறகில் பட்டால் பறப்பதே பெரும்பாடு. அதனால் அதன் பாச்சா அங்கே பலிக்கவில்லை.

"தங்கச்சி! நீ சொல்றதுதான் சரி. மலைதான் ஓடிப்போச்சு. பாவம், இந்தப் பாறை உனக்காகவே காத்துக்கிட்டு நிக்குது" என்றது சடையன்.

"பார்த்தீங்களா! அந்த அண்ணனுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலை!"

கட்டினவளை விட்டுக்கொடுக்க முடியுமா? முத்தன் பெருமூச்சு விட்டுவிட்டு அவள் பின்னால் பறந்தான்.

குடைவுக்குள் நுழைந்ததும் அதே விசில் சத்தம். வெள்ளாயி கண்ணை மூடிக் கேட்டாள். அம்மா பக்கத்திலேயே இருப்பது போல இருந்தது. அங்கேயே முட்டையிட்டாள். முட்டை சறுக்கிச் சறுக்கி வாசல் பக்கம் வந்தது. அவள் அலகால் தள்ளித் தள்ளி உள்ளே வைத்தாள். பாறை சாய்கிறது என்பதை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

ஒருநாள் முத்தன் கடலுக்கு மீன் தேடப் போயிருந்தான். 'படீர்' என்று பனி வெடித்தது. பாறை ஒரு குலுக்குக் குலுங்கிச் சரிந்தது. முட்டை உருண்டு வெளியே ஓடியது!

"ஐயோ, என் முட்டை! அண்ணே, பிடிங்க!"

"இதோ பிடிச்சாச்சு தங்கச்சி!" என்று பாய்ந்தது சடையன். முட்டையைக் கொத்தி உடைத்து உறிஞ்சியது. வெள்ளாயி ஓடிவந்து அதன் முகத்திலேயே எண்ணெயைத் துப்பினாள். சடையன் தள்ளாடி விழுந்தடித்து ஓடியது. ஓடி என்ன? பனிமேல் வெறும் ஓடு கிடந்தது.

முத்தன் திரும்பி வந்தபோது அவள் ஓட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான்தாங்க கெடுத்தேன். நீங்க சொன்னப்பவே எனக்கு உள்ளூர உறுத்துச்சு. அந்தச் சத்தம் கேட்கணும்னு ஆசை. அதான் உங்க வாயை அடைச்சேன்."

முத்தன் அவளை ஒட்டி உட்கார்ந்தான். அவள் கழுத்தை அலகால் கோதிவிட்டான்.

அடுத்த கோடையில் மலை வெடிப்பில் முட்டையிட்டார்கள். சடையன் ஒருநாள் எட்டிப் பார்த்தது. நாலாபக்கமிருந்தும் அதன் மேல் எண்ணெய் பறந்தது. அப்புறம் அது தலைகாட்டவில்லை. குஞ்சு பொரித்தது.

சிவப்புப் பாறை இன்னும் தள்ளிப் போய், ஒரு புள்ளியாகத் தெரிந்தது. வெள்ளாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கண் கலங்கியது. "போய்ட்டு வா" என்று மெல்லச் சொன்னாள். குஞ்சு பசியில் கத்தியது. உடனே திரும்பி அதற்கு மீன் ஊட்டினாள்.

பிறந்த இடத்தின் மேல் எவ்வளவு ஆசை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் பிள்ளையை வைக்கிற இடம் உறுதியானதா என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும்.