மழைக்கு ஓர் அனுமதிச் சீட்டு

முன்னொரு காலத்தில் நீலமங்கல நாட்டை நந்திவீரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை, ஆனால் கடைசியாகக் காதில் ஓதியவர் சொன்னதே அவனுக்கு வேதம். அந்தக் காதைக் குத்தகைக்கு எடுத்தவர் போலப் பக்கத்திலேயே நிற்பார் வல்லபராயர். ஊர் வாய்க்கால்களுக்கு அவர்தான் அதிகாரி. மந்திரி சேந்தனாரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் ராயர் புதுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். "மகாராஜா, ஜனங்கள் மழைநீர் வாய்க்காலைப் பாழாக்குகிறார்கள். இனி யாராக இருந்தாலும் அனுமதியில்லாமல் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது. மூடுகல்லைத் திறக்கக்கூடாது. உள்ளே இறங்கக்கூடாது. மீறினால் வீடு பறிமுதல்!"

"பலே!" என்று முத்திரை குத்தினான் ராஜா.

ஐப்பசி வந்தது. மழை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. குயவர் தெருவில் முழங்காலளவு தண்ணீர். சுடாத பானைகள் கண்ணெதிரே கரைவதைப் பொறுக்காமல், வேம்பி என்ற குயத்தி கடப்பாரையால் மூடுகல்லை நெம்பிவிட்டாள். காவலர்கள் அவளைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"கல்லைத் திறந்தாயா?" என்றான் ராஜா.

"திறந்தேன் சாமி. திறந்தும் தண்ணி இறங்கலை. உள்ளேயிருந்துல்ல மேலே பொங்கி வருது!"

"ஒப்புக்கொண்டாள்! வீட்டை எடுத்துக்கொள்ளலாம்" என்று துள்ளினார் ராயர்.

சேந்தனாருக்குப் பொறி தட்டியது. ஓடவேண்டிய வாய்க்கால் ஏன் எதுக்களிக்கிறது? அதில் யாரும் இறங்கக்கூடாது என்று ராயருக்கு ஏன் இத்தனை அக்கறை?

"சட்டம் சட்டம்தான், மகாராஜா. தீர்ப்பை மட்டும் நாளைக்கு வையுங்கள். இதைவிடப் பெரிய குற்றவாளி ஒருவர் இருக்கிறார். அவரையும் சேர்த்தே விசாரிக்கலாம்" என்றார்.

அன்று மாலையே அரண்மனைக் கூரைநீர் வாய்க்காலுக்குள் விழும் தூம்புகளையெல்லாம் களிமண் வைத்து அடைக்கச் சொன்னார்.

மறுநாள் சபை கூடியபோது கொட்டியது மழை. முற்றம் நிரம்பி, தண்ணீர் சபைக்குள் நுழைந்தது. புலவர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்தார்கள். ராஜா சிம்மாசனத்தின் மேல் குந்திக்கொண்டு, "என்னய்யா இது?" என்று அலறினான்.

"யாராக இருந்தாலும் என்கிறது சட்டம்" என்றார் சேந்தனார். " அரண்மனைக் கூரைக்கு அனுமதி வாங்கவில்லை. பெரிய குற்றவாளி தாங்கள்தான், மகாராஜா. இந்த வீட்டையும் பறிமுதல் செய்துவிடலாமா?"

"அனுமதி தந்தேன், தந்தேன்! திறந்துவிடும்!"

தூம்புகளைத் திறந்தார்கள். வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்து உள்ளே வந்தது.

"கீழே எங்கோ அடைத்திருக்கிறது. இறங்கிப் பார்க்கத்தான் தடையாயிற்றே" என்று பெருமூச்சு விட்டார் சேந்தனார்.

"வேண்டாம் மகாராஜா, சட்டத்தின் மானம்..." என்று குழறினார் ராயர்.

"என் மானமே மிதக்கிறது! இறங்குங்கள்!" என்று ராஜா கத்தினான்.

வீரர்கள் வாய்க்காலோடு போய்ப் பார்த்துத் திரும்பினார்கள். ராயரின் புது மாளிகைத் தூண்கள் வாய்க்காலின் நட்டநடுவில் நின்றன. அதற்கு மேலேதான் அவருடைய நாட்டியக் கூடம்.

"இடியுங்கள் அந்தக் கூடத்தை!" என்று உத்தரவிட்டான் ராஜா. ராயரின் பதவி போனது. வேம்பியின் வீடு தப்பியது, கரைந்த பானைகளுக்கு ஈடும் கிடைத்தது. வானத்திலிருந்து விழும் நீருக்கு வாய்க்காலில் தடை கிடையாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள்.

"ஒருவருக்கு மட்டும் பழைய சட்டமே இருக்கட்டும்" என்றார் சேந்தனார்.

அதன்பிறகு மேகம் கறுத்தால் போதும், நீலமங்கலத்துப் பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவருவார்கள். தாழங்குடையைப் பிடித்தபடி வல்லபராயர் தன் கூரைத் தண்ணீருக்கு அனுமதி கேட்டு அரண்மனைக்கு ஓடுகிற அழகைப் பார்க்கத்தான்!